மொட்டை மாடி, ராக்கெட் புகை, ஒரு 'ஓகே' – வேலூர் வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஸ்ரீஹரிகோட்டா பத்தி ஒருத்தர் கேட்டதுக்கு நாலே வரில பதில் போட்டேன், அவ்ளோதான், இந்த மாசம் வந்ததுல பாதிக்கு மேல பிளேனும் ராக்கெட்டும்தான். முள்ளு கத்திரிக்கா நாத்து பத்தி கேட்டவங்க கோச்சுக்காதீங்க, உங்களுக்கு அடுத்த மாசம். இந்த தடவை முழுக்க வானத்துலயே இருப்போம்.

காட்பாடி, பத்தாவது படிக்கிற பொண்ணு: நைட்டு ராக்கெட் விட்டா எங்க மொட்டை மாடில இருந்து தெரியுது அங்கிள், ஆனா சத்தமே கேக்கல. அப்புறம் அது நேரா மேல போகாம ஒரு பக்கமா சாயுதே, அது ஏன்?

நீ பாக்கறது நெஜ ராக்கெட்தான்மா, சந்தேகமே வேணாம். காட்பாடில இருந்து ஸ்ரீஹரிகோட்டா நேர்கோட்டுல அளந்தா ஏறக்குறைய 150 கிலோமீட்டர், வடகிழக்கு மூலைல பாக்கணும். சத்தம் ஒரு கிலோமீட்டர் போக மூணு நொடி ஆகும், அப்போ உன் மாடிக்கு வந்து சேர ஏழு நிமிஷத்துக்கு மேல ஆகணும், அதுவும் வர்ற வழிலயே தேஞ்சு ஒண்ணுமில்லாம போயிடும். அந்த ஏழு நிமிஷத்துக்குள்ள பிஎஸ்எல்விங்கற நம்ம ராக்கெட் ரெண்டு அடுக்கைக் கழட்டி கடல்ல போட்டுட்டு மூணாவதுல போயிட்டிருக்கும், நீ கீழ எறங்கி தோசைக்கு உக்காந்திருப்ப.

சாயறதுக்கு வருவோம். பூமியோட துருவம் மேல சுத்தற செயற்கைக்கோளை அனுப்பணும்னா ராக்கெட் தெக்கு நோக்கி போகணும், ஆனா ஸ்ரீஹரிகோட்டால இருந்து நேரா தெக்க விட்டா பாதைல இலங்கை வந்துடும். கழண்டு விழற அடுக்கு அடுத்தவன் வீட்டு கூரை மேல விழக்கூடாது இல்லையா, அதனால முதல்ல தென்கிழக்கா கடல் மேல கொண்டுபோய் அப்புறம் தெக்க திருப்பறாங்க. இந்த வளைவு சும்மா கிடைக்காது, எரிபொருள் செலவாகும், அந்த அளவுக்கு தூக்கற எடை கொறையும். பிஎஸ்எல்வி பெரிய வண்டி, தாங்கிக்கும். எஸ்எஸ்எல்வி சின்னது, 500 கிலோவை 500 கிலோமீட்டர் உயரத்துக்கு கொண்டுபோறதுக்குன்னே செஞ்சது, அதுக்கு இந்த சுத்து வழி கட்டுப்படி ஆகாது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்துல 2024 பிப்ரவரில ரெண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினதுக்கு இதுதான் காரணம், அங்க இருந்து தெக்க பாத்தா வெறும் கடல்.

இன்னொண்ணு, நீ மாடில நிக்கற அதே நேரம் அந்தப் பக்கம் வானத்துல எந்த பிளேனும் வரக்கூடாதுன்னு முன்னாடியே அறிவிப்பு போயிருக்கும், பழவேற்காடு மீனவங்களுக்கும் அன்னைக்கு கடலுக்கு போகாதீங்கன்னு சொல்லியிருப்பாங்க. ராக்கெட் கெளம்பறதுக்கு முன்னாடி பாதி வேலை மத்தவங்களை நகர்த்தி வைக்கறதுதான்.

ஆரணி, கல்யாண சமையல் கான்ட்ராக்டர்: இருபது வருஷம் ஓட்டின கேப்டன் கூட கெளம்பறதுக்கு முன்னாடி பேப்பரைப் பாத்து ஒண்ணொண்ணா படிப்பாராமே? தொழில் தெரியாதா அவருக்கு?

உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன், ஆயிரம் இலை கல்யாணத்துக்கு மளிகை லிஸ்ட் எழுதாம போவீங்களா மாஸ்டர்? பெருங்காயம் மறந்துட்டா சாம்பார் மட்டும் போச்சு. இங்க அப்படி இல்ல.

1935 அக்டோபர் 30, அமெரிக்கால ரைட் ஃபீல்டுங்கற இடத்துல போயிங் கம்பெனியோட மாடல் 299ங்கற புது குண்டுவீச்சு விமானத்துக்கு டெஸ்ட். நாலு இன்ஜின், அந்தக் காலத்துக்கு பூதம் மாதிரி. ஓட்டினவங்க கத்துக்குட்டிங்க இல்ல, அனுபவசாலிங்க. மேல ஏறுச்சு, நிமிந்துச்சு, அப்படியே விழுந்துடுச்சு, ரெண்டு பேர் செத்துட்டாங்க. காரணம் இன்னான்னு பாத்தா, பிளேன் நிக்கும்போது காத்துல வால் பக்கத்து பலகைங்க ஆடி உடையாம இருக்க ஒரு பூட்டு போட்டு வெச்சிருப்பாங்க, அதை எடுக்க மறந்துட்டாங்க, அவ்ளோதான். பத்திரிகைக்காரங்க இது ஒரு மனுஷனால ஓட்டற வண்டியே இல்லன்னு எழுதினாங்க. ஆனா பைலட்டுங்க வேற மாதிரி யோசிச்சாங்க, இத்தனையும் மனசுல வெச்சுக்க முடியாது, எழுதி வெச்சு ஒருத்தர் படிக்க இன்னொருத்தர் செஞ்சு காட்டணும்னு முடிவு பண்ணாங்க. அந்த பிளேன்தான் அப்புறம் பி-17னு ஆயிரக்கணக்குல பறந்துச்சு. இன்னைக்கு உலகத்துல எந்த விமானத்துல ஏறினாலும் முன்னாடி ரூம்ல அந்த லிஸ்ட் இருக்கும். தொழில் தெரிஞ்சவங்களுக்குத்தான் மாஸ்டர் மறதி வரும், தெரியாதவன் பயந்துகினு ஒவ்வொண்ணா பாப்பான்.

ஆம்பூர், தோல் ஃபேக்டரில செலக்‌ஷன் பாக்கறவர்: எங்க கிட்ட தோல் எல்லாம் சதுர அடி கணக்கு, வெளிநாட்டு பார்ட்டிங்க டெசிமீட்டர்ல கேப்பாங்க, ஒரு தடவை அதை மாத்தி எழுதி ஒரு லாட்டே திரும்பி வந்துச்சு. பிளேன், ராக்கெட்ல எல்லாம் இந்த மாதிரி தப்பு நடக்கவே நடக்காது இல்ல?

அண்ணே, உங்களுக்கு ஒரு லாட் திரும்பி வந்துச்சு. அவங்களுக்கு திரும்பியே வரல.

1999ல நாசாவோட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய் கிரகத்துக்கு பக்கத்துல போய் காணாம போச்சு. உந்துவிசை கணக்கை ஒரு டீம் பவுண்டுல குடுத்திருக்கு, வாங்கின டீம் அதை நியூட்டன்னு நெனச்சுகிச்சு. மாசக்கணக்கா போன பயணத்துல கொஞ்சம் கொஞ்சமா பாதை மாறி, இருக்கவேண்டிய உயரத்தை விட ரொம்ப கீழ எறங்கி அங்க இருக்கற காத்து மண்டலத்துல மாட்டிகிச்சு.

அதுக்கு முன்னாடியே, 1983 ஜூலைல, ஏர் கனடா போயிங் 767 ஒண்ணு 41,000 அடில பறக்கும்போது பெட்ரோல் தீந்த பைக் மாதிரி ரெண்டு இன்ஜினும் நின்னு போச்சு. அப்போதான் அந்த ஊர்ல பவுண்டுல இருந்து கிலோவுக்கு மாறிட்டிருந்தாங்க. எரிபொருள் அளவு காட்டற மீட்டர் வேற அன்னைக்கு ரிப்பேர், அதனால குச்சி விட்டு அளந்து கையால கணக்கு போட்டாங்க. தேவை 22,300 கிலோ. லிட்டரை கிலோவாக்க 0.8ஆல பெருக்கறதுக்கு பதிலா பவுண்டுக்கு உண்டான 1.77ஆல பெருக்கிட்டாங்க, ஆக ஏத்தினது பாதிக்கும் கொறைவு. அந்த கேப்டனுக்கு கிளைடர் ஓட்டி பழக்கம் இருந்துச்சு, இன்ஜினே இல்லாம மெதக்க விட்டு கிம்லிங்கற ஊர்ல பழைய விமானப்படை ஓடுபாதைல எறக்கிட்டாரு, 69 பேரும் பொழச்சாங்க. கீழ அன்னைக்கு கார் ரேஸ் நடந்துட்டிருந்துச்சாம், மேல இருந்து சத்தமே இல்லாம ஒரு போயிங் எறங்கினா எப்படி இருக்கும்!

ஒரு சதுர அடிக்கு 9.29 சதுர டெசிமீட்டர். டேபிள் மேல எழுதி ஒட்டிடுங்கண்ணே.

குடியாத்தம், லுங்கி வியாபாரி: தலைக்கு மேல ரெண்டு பிளேன் குறுக்கும் நெடுக்குமா போவுது, பாக்கறதுக்கு முட்டிக்கற மாதிரியே கீது. ரோட்லயாச்சும் சிக்னல் இருக்கு, மேல இன்னா இருக்கு?

மேல மாடி மாடியா ரோடு இருக்கு சார். கீழ இருந்து பாக்கற நமக்கு உயரம் தெரியாது, அதனால ஒரே ரோட்ல போற மாதிரி இருக்கும். 29,000 அடில இருந்து 41,000 அடி வரைக்கும் ஆயிரம் அடிக்கு ஒரு மாடி, கிழக்கு பக்கமா போறவன் ஒத்தைப்படை, மேற்கு பக்கமா போறவன் இரட்டைப்படை. 35,000ல ஒருத்தன் கெழக்க போனா 36,000ல இன்னொருத்தன் மேற்க போவான். முன்னல்லாம் அந்த உயரத்துல ரெண்டாயிரம் அடி இடைவெளி விடணும், உயரம் காட்டற கருவி துல்லியம் ஆனதும் 2003ல நம்ம நாட்டுலயும் ஆயிரமா கொறைச்சாங்க, ரோடு ரெண்டு மடங்கு ஆச்சு.

சிக்னல்னு கேட்டீங்களே, உண்மையிலேயே அது கொடில ஆரம்பிச்சதுதான். 1929 வாக்குல அமெரிக்கால செயின்ட் லூயிஸ் விமான நிலையத்துல ஆர்ச்சி லீக்னு ஒருத்தர் தள்ளுவண்டில நாற்காலி, பெரிய குடை, மத்தியானச் சாப்பாடு எல்லாம் வெச்சுகினு ஓடுபாதை ஓரம் போய் உக்காருவாரு, கைல ரெண்டு கொடி, ஒண்ணு போ, இன்னொண்ணு நில்லு. நம்ம கிரீன் சர்க்கிள்ல வெயில்ல நிக்கற டிராஃபிக் போலீஸ்காரரை நெனச்சுக்கோங்க, அதே தொழில்தான்.

நம்ம நாட்டுக்கு பாடம் வேற விதமா வந்துச்சு. 1996 நவம்பர் 12, ஹரியானா சர்க்கி தாத்ரிக்கு மேல சவூதி ஜம்போவும் கஜகஸ்தான் சரக்கு விமானமும் மோதி 349 பேர் போயிட்டாங்க, ஒருத்தர் கூட மிஞ்சல. கஜகஸ்தான் விமானம் நிக்க வேண்டிய உயரத்துக்கு கீழ எறங்கிடுச்சு. அன்னைக்கு டெல்லில வர்றதுக்கும் போறதுக்கும் ஒரே பாதை. அதுக்கப்புறம்தான் பாதையைப் பிரிச்சாங்க, எதிர்ல ஆள் வருதுன்னு தானா கத்தற டிகாஸ்ங்கற கருவியும் இங்க கட்டாயம் ஆச்சு. ரெண்டு பிளேன்லயும் அந்த கருவி ஒண்ணோட ஒண்ணு பேசி ஒருத்தரை மேல ஏறு, இன்னொருத்தரை கீழ எறங்குன்னு சொல்லும். 2002ல ஜெர்மனில ஒரு பைலட்டுக்கு கருவி ஏறுன்னுது, கீழ இருந்து கன்ட்ரோலர் எறங்குன்னாரு, அவரு கன்ட்ரோலர் பேச்சைக் கேட்டாரு, 71 உசுரு. இப்போ ரூல் தெளிவு, கருவி சொன்னா கருவி பேச்சுதான்.

ஆற்காடு: 'ரோஜர்'னா என்ன?

ரோஜர்னா 'வந்துச்சு, கேட்டுகிட்டேன்'. பழைய ரேடியோ எழுத்துக் கணக்குல ஆர்ங்கற எழுத்துக்கு ரோஜர்னு பேரு, ஆர்னா ரிசீவ்டு. சரின்னோ ஒத்துகிட்டேன்னோ அர்த்தம் இல்ல, சினிமாக்காரங்க அப்படி ஆக்கிட்டாங்க.

ஒரு வார்த்தைக்கு இவ்ளோ அக்கப்போரான்னு நெனைக்கலாம். 1977 மார்ச் 27 கேளுங்க. ஸ்பெயினோட டெனரிஃப் தீவு, பக்கத்து தீவு ஏர்போர்ட்ல குண்டு வெடிச்சதால எல்லா பிளேனையும் இந்த சின்ன ஏர்போர்ட்டுக்கு திருப்பி விட்டுட்டாங்க, இடம் பத்தாம ஒண்ணு பின்னாடி ஒண்ணு நிக்குது, பனி வேற எறங்கி எதிர்ல இருக்கறது தெரியல. கேஎல்எம் ஜம்போ ஓடுபாதை முனைல கெளம்ப ரெடியா நிக்குது, பான் ஆம் ஜம்போ அதே ஓடுபாதைல எதிர்ல உருண்டு வந்துகினு இருக்கு. கேஎல்எம்காரங்க 'டேக் ஆஃப்ல இருக்கோம்'ங்கற மாதிரி ஒண்ணு சொன்னாங்க, அது கெளம்பிட்டோமா, கெளம்ப காத்திருக்கோமான்னு யாருக்கும் புரியல. கன்ட்ரோலர் 'ஓகே'ன்னாரு. சொல்லிட்டு 'நில்லு, நான் கூப்பிடறேன்'னு சேத்தாரு, அதே நொடில பான் ஆமும் 'நாங்க இன்னும் ஓடுபாதைலதான் இருக்கோம்'னு பேச, ரெண்டு குரலும் மோதி கேஎல்எம் காதுல வெறும் கீச்சு சத்தம்தான் விழுந்துச்சு. விழுந்தது அந்த 'ஓகே' மட்டும்.

எனக்கு இதுல மனசை அறுக்கறது வேற. கேஎல்எம் உள்ளயே ஃபிளைட் இன்ஜினியர் சந்தேகப்பட்டு, அந்த பான் ஆம் இன்னும் ஓடுபாதையை விட்டு போகலையான்னு கேட்டாரு. கேப்டன் அந்த கம்பெனிலயே பெரிய ஆளு, மத்தவங்களுக்கு பாடம் எடுக்கறவரு. போயிடுச்சுன்னு அழுத்தமா சொன்னாரு. சின்னவரு அதுக்கு மேல பேசல. ரெண்டு ஜம்போவும் மோதி 583 பேர். பெரியவங்க முன்னாடி எதிர்த்து பேசக்கூடாதுன்னு வளந்த நம்ம ஆளுங்களுக்கு அந்த ஒரு நிமிஷம் நல்லாவே புரியும்.

அதுக்கு அப்புறம் ரெண்டு விஷயம் மாறிச்சு. டேக் ஆஃப்ங்கற வார்த்தையை கெளம்ப அனுமதி குடுக்கும்போதும் அதை ரத்து பண்ணும்போதும் தவிர வேற எப்பவும் வாயில எடுக்கக்கூடாது, மத்த நேரம் டிபார்ச்சர்னுதான் சொல்லணும், கன்ட்ரோலர் சொன்னதை பைலட் அப்படியே திருப்பிச் சொல்லணும், வெறும் ஓகே செல்லாது. ரெண்டாவது, ஜூனியர் எப்படி கேப்டனைத் தடுக்கணும், கேப்டன் எப்படி காது குடுக்கணும்ங்கறதையே ஒரு பாடமா வெச்சுட்டாங்க.

சத்துவாச்சாரி, ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர்: அப்துல்லாபுரத்துல பிளேன் வரும் வரும்னு சொல்லிகினே கீறாங்க, நான் இருக்கும்போதே வருமா?

வரணும் சார், வந்தா முதல் டிக்கெட் உங்களுக்குத்தான். தேதி சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல. நம்ம வேலூர் ஏர்போர்ட் உதான்ங்கற மத்திய அரசோட சின்ன ஊர் விமானத் திட்டத்துல எடுத்தது, வெள்ளைக்காரன் காலத்து சின்ன ஓடுபாதை, அதனால 19 சீட்டு வண்டிதான் பேச்சு. டோர்னியர் 228 மாதிரி சின்னது முக்கால், ஒரு கிலோமீட்டர்ல எழும்பிடும், ஏடிஆர் 72க்கு முழு லோடுன்னா 1,300 மீட்டர் வேணும், ஏர்பஸ் 320க்கு ரெண்டு கிலோமீட்டர் வேணும். ஓடுபாதை போட்டா மட்டும் போதாது, வேலி, தீயணைப்பு வண்டி, வானிலை பாக்க ஆளு, அப்புறம் விமானத் துறையைக் கண்காணிக்கற டிஜிசிஏ வந்து பாத்து லைசென்ஸ் குடுக்கணும்.

அதோட நம்ம ஊர் வெயில்னு ஒண்ணு இருக்கே. சூடானா காத்து இளகிப்போகும், 15 டிகிரில இருக்கற காத்தை விட 40 டிகிரில அடர்த்தி ஏறக்குறைய 8 சதவீதம் கம்மி. ரெக்கைக்கும் பிடிப்பு கம்மி, இன்ஜினுக்கும் மூச்சு கம்மி, அப்போ இன்னும் நீளமா ஓடணும் இல்லனா ஆளைக் கொறைக்கணும். 2017 ஜூன்ல அமெரிக்கா ஃபீனிக்ஸ்ல 49 டிகிரி கிட்ட போனப்போ சின்ன ஜெட் விமானங்களை நாப்பதுக்கு மேல கேன்சல் பண்ணாங்க. வெயிலூர்ல அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் ரெண்டு மணி ஃபிளைட் புக் பண்ணாதீங்க, காலைல ஆறு மணிக்கு போங்க.

நீங்க தபால் இலாகாங்கறதால ஒண்ணு சொல்லாம விடமுடியல. உலகத்துலயே முதல் அரசாங்க விமானத் தபால் 1911 பிப்ரவரி 18, நம்ம அலகாபாத்ல இருந்து நைனிக்கு, ஆத்தைத் தாண்டி சுமார் பத்து கிலோமீட்டர், 6,500 லெட்டர். 1932 அக்டோபர் 15 ஜேஆர்டி டாடா கராச்சில இருந்து பம்பாய்க்கு தபால் கொண்டுவந்தாரு, பம்பாய்ல இருந்து பெல்லாரி வழியா மெட்ராஸுக்கு ஓட்டினது அவரோட கூட்டாளி நெவில் வின்சென்ட். ரேடியோவும் கிடையாது, வழிகாட்ட ஒரு எழவும் கிடையாது.

அரக்கோணம், டிகிரி படிக்கிற தம்பி: எங்க ஊர் ராஜாளி பத்தி எழுதவே மாட்றீங்களே சார்?

எழுதிட்டா போச்சு. 1992 மார்ச்ல கடற்படை தளமா ஆனது, ஓடுபாதை 4 கிலோமீட்டருக்கு மேல, அப்துல்லாபுரத்துக்காரங்க கேட்டா பெருமூச்சு விடுவாங்க. முதல்ல ரஷ்யாக்காரனோட டியு-142, நாலு இன்ஜின்ல ஒவ்வொண்ணுலயும் ரெண்டு விசிறி எதிரெதிரா சுத்தும், அந்த ஒறுமலை அரக்கோணத்துக்காரங்க மறக்க மாட்டாங்க. 2017ல அது ரிட்டயர் ஆச்சு, 2013ல இருந்தே பி-8ஐ வந்துடுச்சு, நீர்மூழ்கிக் கப்பல் தேடற வேலை. ஆனா 2015 டிசம்பரை மறக்க முடியுமா, சென்னை ஏர்போர்ட் தண்ணில முழுகினப்போ பயணிகளை பஸ்ல ஏத்தி உங்க ஊருக்கு கொண்டுவந்து ராஜாளில இருந்துதான் பிளேன் ஏத்தி அனுப்பினாங்க. போர்க்கால ஓடுபாதை வெள்ளத்துக்கு உதவிச்சு.

வாணியம்பாடி: கோடிக்கணக்குல செலவு பண்ணி, ஜனாதிபதி எல்லாம் வந்து உக்காந்த பிறகு கடைசி நேரத்துல கவுன்ட் டவுனை நிறுத்தறாங்களே, முன்னாடியே பாக்கக்கூடாதா?

சந்திரயான்-2 ஞாபகத்துல கேக்கறீங்க. 2019 ஜூலை 15 ராத்திரி 2:51க்கு போகணும், 56 நிமிஷம் 24 நொடி இருக்கும்போது நிறுத்திட்டாங்க. முழிச்சிருந்து டிவி பாத்த எனக்கும் எரிச்சல்தான். ஒரு வாரத்துல, 22ஆம் தேதி, அதே ராக்கெட் ஒழுங்கா போச்சு.

சில கோளாறு முன்னாடி பாத்தா தெரியாதுங்க, எரிபொருள் நெரப்பி, அழுத்தம் ஏத்தினாத்தான் ஒழுகுதா இல்லையான்னே தெரியும். கவுன்ட் டவுன்ங்கறது நேரம் எண்றது மட்டும் இல்ல, நிறுத்தறதுக்கான வாய்ப்புங்களோட வரிசை அது.

நிறுத்தாம விட்டதுக்கும் நம்ம கிட்டயே கதை இருக்கு. 1979 ஆகஸ்ட் 10, எஸ்எல்வி-3 முதல் பயணம், மிஷன் டைரக்டர் அப்துல் கலாம். கடைசி நேரத்துல கம்ப்யூட்டர் நிறுத்துன்னுச்சு. கூட இருந்த நிபுணருங்க பரவால்ல, எரிபொருள் போதுமான அளவு இருக்குன்னாங்க, கலாம் கம்ப்யூட்டரைத் தாண்டி விட்டுட்டாரு. முதல் அடுக்கு நல்லா போச்சு, ரெண்டாவது அடுக்கோட கட்டுப்பாட்டு அமைப்புல ஒழுகல், வங்காள விரிகுடால விழுந்துச்சு. பிற்பாடு அவரே பல மேடைல இதைச் சொல்லியிருக்காரு. அன்னைக்கு பத்திரிகைக்காரங்க முன்னாடி போய் உக்காந்து பழியை ஏத்துகிட்டது இஸ்ரோ தலைவரா இருந்த சதீஷ் தவான். அடுத்த வருஷம் 1980 ஜூலை 18 ஜெயிச்சப்போ தவான் ஒதுங்கிகிட்டு, நீ போய் பேசுன்னு கலாமை அனுப்பினாரு.

இப்போ 2023 அக்டோபர் 21 பாருங்க, மனுஷனை விண்வெளிக்கு அனுப்பற ககன்யான் திட்டத்தோட சோதனை ராக்கெட், அஞ்சே நொடி இருக்கும்போது தரைல இருந்த கம்ப்யூட்டர் தானா நிறுத்திடுச்சு. யாரும் தாண்டல. என்னன்னு பாத்து சரி பண்ணி பத்து மணிக்கு விட்டாங்க, வெற்றி. அதே வருஷம் சந்திரயான்-3ஐ நாலு நொடி தள்ளி விட்டாங்க, பிஎஸ்எல்வி-சி56ஐ ஒரு நிமிஷம். மேல சுத்தற குப்பையும் பழைய செயற்கைக்கோளும் குறுக்க வரும்னு கணக்கு. நாலு நொடிதானேன்னு நெனைக்காதீங்க, மேல ஒரு நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல ஓடுவானுங்க, நாலு நொடில கோட்டைல இருந்து காட்பாடியையும் தாண்டி 28 கிலோமீட்டருக்கு மேல போயிடுவான்.

வேலூர் கோட்டை பக்கத்துல கடை வெச்சிருக்கறவர்: ராக்கெட்டை திப்பு கண்டுபிடிச்சாருன்னு டூரிஸ்டுங்க கிட்ட சொல்லலாமா?

அப்படியே சொல்லாதீங்க பாய், சீனாக்காரன் சண்டைக்கு வருவான். இரும்புக் குழாய்ல மருந்தை அடைச்சு கிலோமீட்டர் கணக்குல தூரம் போற மாதிரி செஞ்சு, அதுக்குன்னு தனி ஆள் படை வெச்சது ஹைதரும் திப்புவும்னு சொல்லுங்க. குழாய் பருமன் எவ்ளோ, எதிரி எவ்ளோ தூரம்னு பாத்து சாய்வை முடிவு பண்ண பழக்கின ஆளுங்க. 1780ல காஞ்சிபுரம் பக்கத்துல பொள்ளிலூர்ல கம்பெனி படையோட வெடிமருந்து வண்டிங்க வெடிச்சதுக்கு இந்த ராக்கெட்டுதான் காரணம்னு சொல்றாங்க. 1799ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் மிச்சம் இருந்ததை இங்கிலாந்துக்கு எடுத்துட்டுபோனாங்க, அதைப் பாத்து வில்லியம் காங்கிரீவ்ங்கற இங்கிலாந்துக்காரர் தன்னோட ராக்கெட்டை செஞ்சாரு. திப்பு குடும்பத்தை கொண்டுவந்து வெச்சது உங்க கடைக்கு எதிர்ல இருக்கற கோட்டைல, 1806 ஜூலை கலகத்துக்கு அப்புறம் கல்கத்தாவுக்கு அனுப்பிட்டாங்க. நாசாவோட வாலப்ஸ் தளத்து வரவேற்பறைல திப்பு படை ராக்கெட் விடற ஓவியத்தைப் பாத்ததா கலாம் எழுதியிருக்காரு. இதைச் சொல்லுங்க, டூரிஸ்ட் ரெண்டு சோடா சேத்து வாங்குவான்.

போளூர்: இவ்ளோ பேசறீங்களே, பிளேன்ல போயிருக்கீங்களா?

மூணே தடவைம்மா. முதல் தடவை மீனம்பாக்கத்துல ஏறி உக்காந்து சீட்டு பெல்ட்டை வயித்தெரிச்சல் வர்ற அளவுக்கு இறுக்கிகிட்டேன். கதவை சாத்தினதும் ஸ்பீக்கர்ல 'ஆர்ம் டோர்ஸ் அண்ட் க்ராஸ்செக்'னு ஒரு குரல். ஏதோ ஆபத்துன்னு நெனச்சு பக்கத்துல இருந்த பையனைக் கேட்டேன், அவனுக்கும் தெரியல. திரும்பி வரும்போது அந்தப் பொண்ணையே கேட்டுட்டேன். அவசரத்துல கதவைத் திறந்தா சறுக்குமரம் தானா உப்பி விரியற மாதிரி லிவரை மாத்தி வைக்கறது ஆர்ம். க்ராஸ்செக்னா, நான் மாத்தினதை எதிர்ப்பக்க கதவுல நிக்கற பொண்ணு வந்து பாப்பா, அவ மாத்தினதை நான் போய் பாப்பேன் சார்னு சொல்லிச்சு. ரெண்டு பேர்ல யாரு சீனியர்னு கேட்டேன். சிரிச்சுகினே, அது கதவுக்கு தெரியாது சார்னு சொல்லிட்டு தண்ணி வண்டியைத் தள்ளிகினு போயிடுச்சு.